சனி மூலையில் ஒரு ஓட்டை

லிஃப்ட் கிளம்பும்போது முதலில் ஒரு முனகல் கேட்கும். அது கேட்டதும் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு மருமகளின் அறைப் பக்கம் காதைக் கொடுப்பேன். உடனே உள்ளே இருந்து அவள் குரல் வரும்: "ஹலோ, ஆம் ஐ ஆடிபிள்? ஆடிபிள்?" ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அந்த இங்கிலீஷ் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் நெட் போய்விட்டது என்பதுதான்.

திருப்பதியில் புதிதாகக் கட்டிய அபார்ட்மென்ட்டில் நான்காம் மாடி எங்களுடையது. மகனுக்கு ஸ்ரீ சிட்டியில் ஷிப்ட் வேலை. மருமகளுக்குச் சென்னைக் கம்பெனி. வீட்டில் உட்கார்ந்தே கம்ப்யூட்டரில் செய்வாள். தரை முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கிறது, குழாயில் வெந்நீர் வருகிறது, எல்லாம் இருக்கிறது. லிஃப்ட் ஓடினால் மட்டும் நெட் போய்விடும். முதல் மாடியில் ஒரு வீட்டை மலைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வரும் பிள்ளைகளுக்கு லிஃப்ட் என்றால் ராட்டினம் மாதிரி. மேலே வரும், கீழே போகும், மறுபடியும் மேலே வரும். நான் கரண்டியும் கையுமாக நடுக்கூடத்தில் நிற்பேன்.

நான் மட்டும் படியேறித்தான் வருவேன். நான் ஒருத்தி ஏறாவிட்டால் லிஃப்ட் நின்றுவிடுமா என்ன? ஆனாலும் என்னால் ஒரு தடவையாவது குறையட்டுமே.

ஒருநாள் சாப்பிடும்போது மருமகள் சொன்னாள்: "அத்தே, ஆபீஸ்ல கடைசியா சொல்லிட்டாங்க. லைன் இப்டியே இருந்தா அடுத்த மாசத்துல இருந்து சென்னைக்கே வந்துடுன்றாங்க."

"போறதுன்னா ரெண்டு பேரும்தான் போவணும்," என்றான் மகன். "நான் அங்க இருந்தே கம்பெனி பஸ்ல வந்துக்கினு போய்க்கினு இருப்பேன். அங்க ஒரு ரூம் வீடுதான் கெடைக்கும். அம்மா கொஞ்ச நாள் மாமா வீட்ல இருக்கட்டும்."

மாமா என்றால் சித்தூரில் இருக்கும் என் தம்பி. கணவர் போன பிறகு, இந்த வீடு வாங்கும் வரைக்கும் அங்கேதான் இருந்தேன். தம்பியும் அவன் மனைவியும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்காகப் பொய் சொல்லக்கூடாது. ஆனால் இன்னொருத்தியின் அடுப்படியில் டம்ளர் எடுக்கவும் எனக்குக் கூச்சம். காலையில் ஒரு வாய் காபி இருந்தால் தேவலை என்று தோன்றும். கேட்க வாய் வராது. அவர்களுக்கு நேரம் கிடைத்துக் கொடுக்கும் வரை பின்பக்கம் உட்கார்ந்து, ஆய்ந்த கீரையையே திரும்ப ஆய்ந்துகொண்டிருப்பேன். இங்கே எனக்கென்று ஒரு அறை, ஒரு ஜன்னல். அடுப்பில் பால் வைத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நெட் லைன்காரர் வந்தார். நகரிப் பக்கத்து ஆள், தலை வழுக்கை, பேச்சு பாதி தமிழ் பாதி தெலுங்கு. சுவரில் இருந்த மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

"இது காப்பரு சார். செம்புக் கம்பி. பில்டிங் கட்றப்பவே உள்ள வெச்சிப் பூசிட்டாங்க. பக்கத்திலயே லிஃப்ட்டு கரண்டு போவுது. மோட்டார் ஓடுச்சின்னா அந்த இரைச்சல இது வாங்கிக்குது. இன்னா பண்ணாலும் இப்டித்தான்."

"வேற வழி?" என்றான் மகன்.

"ஃபைபர்தான். கண்ணாடி நூலு. அதுல கரண்டே போவாது, வெளிச்சந்தான் போவும். லிஃப்ட்டு ஓடுனா இன்னா, இடி இடிச்சா இன்னா, அது பாட்டுக்கு இருக்கும்."

அந்த நூல் கீழே கார் நிறுத்துகிற இடத்துப் பெட்டி வரைக்கும் வந்திருக்கிறதாம். அதற்கு மேல் எங்களுக்குச் செம்பு. முதலில் வெளிச்சுவர் வழியாகக் கட்டினார்கள். மறுநாளே மலையடிவாரத்து அலிபிரிப் பக்கத்துக் குரங்குகள் வந்து தொங்கி அறுத்துவிட்டன. உள்ளே இருக்கும் குழாயோ மூன்றாம் மாடி வரைக்கும்தான் திறந்திருந்தது. அதற்கு மேல் கான்கிரீட் போடும்போது சிமென்ட் இறங்கி, செம்புக் கம்பியோடு சேர்ந்து இறுகிவிட்டது. கம்பியை இழுத்தாலும் வராது, பக்கத்தில் மயிரிழைகூட நுழையாது. மிச்சம் இருந்தது ஒரே வழி. எங்களுக்கு நேர்கீழே இருக்கும் வீட்டுக்குள் நூலைக் கொண்டுபோய், கூடத்து மூலையில், கூரையில் பென்சில் அளவுக்கு ஓர் ஓட்டை போட வேண்டும்.

அது ஒரு தெலுங்கு அம்மாவின் வீடு. என்னைவிடக் கொஞ்சம் இளையவர். மகன் போய்க் கேட்டுவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"ஈசான்ய மூலையாம்மா. சாமி வெச்சிருக்கிற மூலை. ஓட்டை போட்டா குடும்பத்துக்கு ஆவாதாம். வாசல்லயே நிக்க வெச்சி அனுப்பிட்டாங்க."

பொம்பளைக்குப் பொம்பளை போனால் கேட்பார்களோ என்று தோன்றியது. யார் வீட்டுக் கதவையும் தட்டிப் பழக்கமில்லாதவள் நான். படியில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, தெலுங்கில் என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். எனக்குத் தெரிந்தது சந்தைத் தெலுங்கு. கத்தரிக்காய் வாங்கலாம், தயவு கேட்க வராது.

கதவு திறந்ததும் மொத்தத்தையும் ஒரே மூச்சில் கொட்டினேன். "அம்மா, மீ இன்ட்லோ சனி மூலலோ சின்ன..."

"சனியா? மா இன்ட்லோ சனியா?" அந்த அம்மாவின் கண் பெரிதானது. "சுக்ரவாரம் பொத்துன்னே வச்சி சனி அன்ட்டாரா?"

வெள்ளிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக வந்து, எங்கள் வீட்டில் சனி இருக்கிறது என்கிறாயா என்று கேட்கிறார். கதவு சாத்திக்கொண்டது. நான் பிறந்த சத்தியவேடு பக்கத்தில் ஈசானம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வடகிழக்கு என்றால் சனி மூலை. அங்கே மின்னினால் ஓடிப்போய்க் களத்தில் காயும் நெல்லை வாருவோம். அந்தப் பேருக்குள் ஒரு பீடை உட்கார்ந்திருக்கிறது என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை.

மேலே வந்து ஒருவரிடமும் சொல்லவில்லை. மருமகள் போனில் சென்னை வீடுகளைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். மகன் பரணில் இருந்து என் பழைய சூட்கேஸை இறக்கி, துடைத்து, கட்டிலுக்கடியில் வைத்தான். அவன் பாசமாகத்தான் துடைத்தான். எனக்குத்தான் அந்தச் சத்தம் பொறுக்கவில்லை. புடவைகளை எடுத்து மடிப்பேன். உள்ளே வைக்காமல் மறுபடியும் அலமாரியில் அடுக்குவேன். லிஃப்ட் முனகும். "ஆடிபிள்?" என்பாள் அவள்.

ஒருநாள் கடைக்குப் போய்த் திரும்பும்போது மூச்சு வாங்கி, முழங்காலும் வலிக்க, இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மலைக்கு வந்தவர்கள் லிஃப்டில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்ததால், கீழ்வீட்டு அம்மாவும் படியில் ஏறி வந்தார். எழுந்து ஓடவா முடியும்? கீரைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் நின்றார். அவருடைய தமிழும் என் தெலுங்கு மாதிரிதான். "நானு இன்னிக்குத்தான் நடக்குறேன். நீங்கோ தினம் நடக்குறீங்கோ. லிஃப்ட்டுன்னா பயமா?"

"பயம் இல்லமா. லிஃப்ட்டு ஓடுனா மேல மருமவளுக்கு லைன் கட் ஆவுது. அதான்."

"மருமகளுக்கோசரம் இந்த முழங்காலோட ஏறுறீங்கோ?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நா கோடலு, என் மருமக, எனக்கோசரம் டிவி சவுண்டு கூட கம்மி பண்ணாது!"

அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. "அன்னிக்கி நான் சொன்னது அந்த சனி இல்லமா. ஈசான்யத்துக்கு எங்க ஊர்ல அதான் பேரு. அங்க மின்னுனா மழை வரும். நல்ல மூலை. உங்கள ஒண்ணும் திட்டல."

"அய்யோ ராமா! அன்னிக்கி சாயந்தரமே போயி நவக்கிரகம் சுத்திட்டு வந்தேன், உங்களாலே!"

நானும் சிரித்துவிட்டேன். அவர் என் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தார். பிறகு, "அதுல போறது கரன்ட்டுதானே? கரன்ட்டுன்னா நிப்பு. ஈசான்யத்துல நிப்பு ஆகாது. வெலுகு இருக்கலாம்," என்றார். நிப்பு என்றால் நெருப்பு. வெலுகு என்றால் வெளிச்சம். சந்தைத் தெலுங்கிலும் அந்த இரண்டும் எனக்குத் தெரியும்.

"கரண்டு செம்புலதான்மா போவும். இது கண்ணாடி. இதுல வெறும் வெலுகுதான்."

"வெலுகா? நிஜமா?"

"லைன்காரரு சொன்னாரு."

அவர் எழுந்து போனார். மறுநாள் அவர் மகன் வந்து, ராகு காலம் கழித்து ஆளை வரச் சொல்லுங்கள் என்றான்.

ஓட்டை போடும்போது நானும் அங்கே இருந்தேன். துளையைச் சுற்றி மஞ்சளும் குங்குமமும் வைத்த பிறகுதான் நூலை விடச் சொன்னார் அந்த அம்மா. உள்ளே வெளிச்சம் போகிறதா என்று தனக்குக் காட்டச் சொன்னார். லைன்காரர் பேனா மாதிரி ஒன்றை ஒரு முனையில் பொருத்தினார். மறுமுனையில் சிவப்பாக ஒரு பொட்டு எரிந்தது. அந்த அம்மா ஆரத்தியைத் தொடுவது போல அதன் மேல் கையைக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அம்மா, கண்ணுகிட்ட கொண்டு போவாதீங்க!" என்று கத்தினார் லைன்காரர்.

இப்போது லிஃப்ட் எத்தனை தடவை ஓடினாலும் மருமகள் அந்த இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்வதில்லை. சென்னைப் பேச்சும் நின்றது. சூட்கேஸ் பரணுக்குப் போனது. நிம்மதியாக இருக்கலாம்தானே? முடியவில்லை.

காரணம், அந்த அம்மா விளக்கை இடம் மாற்றிவிட்டார். முன்பு சாமி அலமாரியின் நடுவில் இருந்தது. இப்போது ஈசான்யத்தில் வெலுகு வந்திருக்கிறது என்று, மூலையில், நூல் இறங்குகிற இடத்துக்கு நேராக ஏற்றி வைக்கிறார். சுடர் ஆடினால் நூலின் மேலுறையைத் தொட்டுவிடும் போலிருக்கிறது.

"சொல்லிட வேண்டியதுதானே மா?" என்கிறான் மகன்.

எப்படிச் சொல்வது? நெருப்பு, வயர் என்று இரண்டையும் சேர்த்து என் வாயால் சொன்னால், அன்றைக்கே கழற்றச் சொல்லிவிடுவார். அவருக்கு அந்த விளக்கு வெலுகு. எனக்கு அது நிப்பு.

அதனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தினமும் இறங்கிப் போகிறேன். லிஃப்டில்தான். அலமாரிக்கு எதிரில் உட்கார்ந்து சுடரையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"வதினா," என்றார் நேற்று. இப்போது என்னை அண்ணி முறை வைத்துத்தான் கூப்பிடுகிறார். "நீங்கோ சாமியக் கும்பிட வர்றீங்களா, வயரக் கும்பிட வர்றீங்களா?"

சிரித்தேன். என்னைக் கேட்காமலேயே காபி கலக்க உள்ளே போனார். நான் எழுந்து, விளக்கை இரண்டு விரல் அளவுக்கு இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தேன். முந்தாநாளும் நகர்த்தினேன். அது பழைய இடத்துக்கே வந்திருந்தது.