பிள்ளையார்பாளையத்தில் ஒரு கிரேக்கக் கொலை

அந்தக் காலத்தில் கிரேக்கமும் ரோமும் தெரியாத பேச்சாளனை எங்கள் கட்சியில் யாரும் மதிக்கமாட்டார்கள். எனக்கோ இளவயது, வாயும் நீளம். அறுபதுகளின் கடைசியில் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெருமுனைக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து போயிருந்தேன். தறிச் சத்தம் ஓய்ந்து நெசவாளர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கிளைச் செயலாளர் எனக்குத் துண்டு போர்த்திவிட்டு, என் பின்னால் நாற்காலியில் அமர்ந்தார்.

கொலையுண்ட ஒரு கிழட்டுக் கிரேக்க மன்னனின் கதையை எடுத்தேன். பட்டம் கிடைக்காமல் எகிப்திலிருந்து ஓடிவந்த இளவரசனுக்கு அவன் சோறும் இடமும் கொடுத்து வைத்திருந்தான். மாசிதோனியாவையும் பிடிக்க மன்னன் கடல் தாண்டியபோது, கூடவே வந்த இளவரசன் அவனைக் குத்திக் கொன்றான். ஆத்திரத்தில் அல்ல, அந்த அரியணை தனக்கு வேண்டுமென்று. படையும் அவனையே அரசன் என்றது.

"மாண்டவனின் ஆசனத்தில் இன்று அமர்ந்திருப்பவன் யாரென்று பாருங்கள், கொலைகாரன் யாரென்று தெரியும்" என்று முழங்கினேன்.

வழக்கமாக அங்கே கைதட்டல் விழும். விழவில்லை. எல்லோரும் என்னை விட்டுவிட்டு எனக்குப் பின்னால் பார்த்தார்கள்.

மைக் செட்காரர் மைக்கைச் சரிசெய்வதுபோல வந்து காதருகில் சொன்னார்: "அந்தப் பேச்சு வேணாம்பா. பழைய செயலாளர போன மாசம் எவனோ குத்திப் போட்டுட்டான். அவரு வூட்ல தங்கிக்கினு இருந்தவருதான் இப்ப செயலாளரு."

திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. நூல் விலையைப் பற்றி ஏதோ உளறி முடித்தேன்.

கூட்டம் கலைந்ததும் செயலாளரே சைக்கிளைக் கொண்டுவந்து, பஸ் ஸ்டாண்டில் விடுவதாகச் சொன்னார். மறுக்க வாய் வரவில்லை. கேரியரில் உட்கார்ந்தேன். குத்துவதென்றால் அவர் திரும்பித்தானே ஆகவேண்டும் என்று எனக்கு நானே தேறுதல் சொல்லிக்கொண்டேன்.

ஆளில்லாத சந்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு, திரும்பாமலே கேட்டார்.

"பட்டத்துக்கு வந்தவன் அப்புறம் என்னா ஆனாம்பா?"

பொய் சொல்லியிருக்கலாம். பயத்தில் படித்ததுதான் வாயில் வந்தது. இரண்டு வருடம் போல ஆண்டான், பிறகு எதிரிகள் அவன் தலையை வெட்டி ஈட்டியில் சொருகிக்கொண்டு திரிந்தார்கள் என்றேன்.

கைப்பிடியில் இருந்த அவர் விரல் பட்டுப் பட்டு சைக்கிள் பெல் மெல்லக் கிணுகிணுத்தது.

"அந்தப் பட்டத்தத் திருப்பிக் குடுத்திருந்தா, அவன வுட்டிருப்பாங்களாபா?"

தெரியாது என்றேன். அவர் மறுபடி மிதித்தார். பஸ் ஸ்டாண்ட் வரும்வரை எனக்குப் பயமாகவே இருந்தது. அவருக்கும்தான்.