வினாடிக்கு ஐந்து படம்

எங்கள் மருந்துக் கிடங்கில் எல்லோரும் அவரைக் கேமராக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் படம் பிடிக்கிறவர் இல்லை. கிடங்கைச் சுற்றி மாட்டியிருக்கும் முப்பத்திரண்டு கேமராக்கள் பிடிப்பதைச் சேமித்து வைக்கிறவர். பில் போடும் என் மேஜைக்கும் அவர் அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான். பதினோரு வருடமாக அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே பில் போட்டிருக்கிறேன். நல்ல மனிதர் என்று சொல்லத்தான் ஆசை, வாய் வரமாட்டேன் என்கிறது.

அவரை இந்த வேலைக்குக் கூட்டி வந்தவர் அவருடைய அக்கா கணவர். சரக்கு ஏற்றும் வாசலில் மேற்பார்வையாளர். கேமராக்காரருக்கு மாமா என்பதால் எங்கள் எல்லோருக்குமே மாமாவாகிவிட்டவர். லாரி டிரைவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். எப்போதோ பெட்டி விழுந்து அடிபட்ட இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். தாய் தகப்பன் இல்லாத மச்சானைத் தன் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்து, "இவனுக்கு நான் பொறுப்பு சார்" என்று மேனேஜரிடம் சொல்லி வேலையும் வாங்கிக் கொடுத்தவர்.

போன வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. கேமராப் பதிவுகளைத் தொண்ணூறு நாள் அழிக்காமல் வைத்திருக்க வேண்டுமாம். எங்கள் ஹார்ட் டிஸ்க்குகள் முப்பது நாளிலேயே நிரம்பிவிடும். கேமராக்காரர் புது டிஸ்க் கேட்டுக் கடிதம் எழுதினார். மேனேஜர் அதைப் பாதிகூடப் படிக்கவில்லை.

"இருக்கிறதை வச்சு சமாளிங்க. அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க."

அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில் அவருக்கு வேறு பேச்சே இல்லை. "பெட்டியில சட்டையை மடிச்சு வைக்கிறோம் இல்ல மேடம், வீடியோவைச் சுருக்கறதும் அப்படித்தான். மடிக்கிற வரைக்கும் ஒண்ணும் கெட்டுப்போகாது. அதுக்கு மேலயும் இடம் பத்தலன்னா, கையை வெட்டணும், காலரை வெட்டணும்."

"வெட்டின சட்டையை யாரு போட்டுக்கறது?"

"யாரும் போட்டுக்கப் போறதில்லையே. பெட்டிக்குள்ள இருந்தா போதும்."

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார். சுவர், அலமாரி போன்ற அசையாத பொருள்களை ஒரு தடவை மட்டும் சேமித்து, அசைகிறதை மட்டும் புதிதாக எழுதும்படி வைத்தார். போதவில்லை. தெளிவைக் குறைத்தார். அப்போதும் அறுபது நாளைத் தாண்டவில்லை. கடைசியில் ஒரு வினாடிக்கு இருபத்தைந்து படம் எடுத்துக்கொண்டிருந்த கேமராக்களை ஐந்து படம் எடுத்தால் போதும் என்று மாற்றினார். தொண்ணூற்றொரு நாள் வந்தது. மேனேஜர் எங்கள் எல்லோர் முன்னாலும் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார். மனிதர் அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

படத்தின் தரத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு படிவம் உண்டு. அந்தச் சோதனையை அவர் செய்த அழகை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பட்டப்பகலில் ஒவ்வொரு கேமராவுக்குக் கீழேயும் போய், தன் பணியாளர் எண்ணைப் பெரிதாக எழுதிய அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றார். அசையாத பொருளை அந்தச் சிஸ்டம் பளிச்சென்றுதான் காட்டும். எண் தெளிவாகத் தெரிந்தது, மூக்கின் மேலிருக்கும் மச்சம் தெரிந்தது. 'தரம்: திருப்தி' என்று முப்பத்திரண்டு கையெழுத்துப் போட்டார். அட்டையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிற திருடன் எவனாவது வந்திருந்தால் கட்டாயம் மாட்டியிருப்பான்.

எட்டு மாதம் கழித்து, விலை உயர்ந்த ஊசி மருந்துப் பெட்டி ஒன்று காணாமல் போனது. மேனேஜர் என்னையும் மாமாவையும் கேமராக்காரர் அறைக்குக் கூப்பிட்டு, பக்கவாட்டு வாசல் கேமராவில் மாலை பதிவான எட்டு வினாடியைப் போட்டுக் காட்டச் சொன்னார். வெளிச்சம் குறைந்த நேரம். நீலச் சட்டை போட்ட ஓர் ஆள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறான். கிடங்கில் எல்லோருக்குமே நீலச் சட்டைதான். முகத்தைப் பெரிதாக்கினால் கண்ணும் மூக்கும் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் கட்டமாக இருந்தது.

"முகத்தை விடுங்க. காலைப் பாருங்க," என்றார் மேனேஜர்.

அந்த ஆள் காலை இழுத்து இழுத்து நடந்தான்.

"நான் இல்ல சார்," என்றார் மாமா. குரலில் பயமே இல்லை. சொல்லிவிட்டு, மேனேஜரைப் பார்க்காமல் மச்சானைப் பார்த்தார்.

மேனேஜரும் அவர் பக்கம் திரும்பினார். "உங்க மாமா. சங்கடம்தான், புரியுது. ஆனாலும் கேக்கணும். இந்தப் படத்துல ஏதாவது கோளாறு இருக்குமா?"

கேமராக்காரர் கீபோர்டைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"இல்ல சார். சிஸ்டம் சரியாத்தான் ஓடுது."

அடுத்து என்னைக் கேட்டார். எனக்கு அந்தப் படத்தைப் பற்றி என்ன தெரியும்? கண்ணுக்குப் பட்டதைச் சொன்னேன். "நடை அவரு மாதிரிதான் தெரியுது சார்." அந்த வாயை எதால் கழுவுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ராஜினாமா எழுதிக் கொடுத்தால் போலீசுக்குப் போக மாட்டோம் என்றார்கள். இருபத்து நான்கு வருடம் ஒரு மாத்திரை அட்டைகூடக் குறையாமல் பார்த்துக்கொண்டவர், திருடன் என்ற பெயரோடு சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். வாசலில் வாட்ச்மேன் அந்தப் பையைத் திறந்து காட்டச் சொன்னார்.

பத்து நாள் ஆகியிருக்கும். கைரேகை மெஷின் என் வருகையைப் பதிவு செய்யாமல் எனக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டது. நான் நேரத்துக்கு வந்ததை நிரூபிக்க வாசல் கேமராப் பதிவைக் காட்டுங்கள் என்று கேமராக்காரர் அறைக்குப் போனேன். தயங்கித் தயங்கித்தான் போட்டார். திரையில் நான் வந்தேன், காலை இழுத்துக்கொண்டு. எனக்குப் பின்னால் வாட்ச்மேன் நொண்டிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் மேனேஜரும் நொண்டினார்.

"என்னங்க இது?"

"செகண்டுக்கு அஞ்சு படம்தான் மேடம் இருக்கு. ஒரு அடி விழும், அடுத்த அடி விட்டுப்போயிடும். நடந்தா எல்லாரும் அப்படித்தான் தெரிவாங்க."

"அன்னிக்கு இது தெரிஞ்சேதான் வாயை மூடிட்டு நின்னீங்களா?"

"முப்பத்திரண்டு கையெழுத்து போட்டிருக்கேன். எட்டு மாசமா எடுத்ததெல்லாம் குப்பைன்னு நானே சொல்லவா? பொண்ணு இப்பத்தான் காலேஜ்ல சேர்ந்திருக்கா மேடம்."

நேரே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் தன் நடையைத் தானே இரண்டு முறை போட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு, "அவருதான் எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டாரே. இதைப் போய் வெளியில பேசிட்டு இருக்காதீங்க," என்றார். மறு மாதம் கேமராக்காரருக்கு மூத்த தொழில்நுட்ப அலுவலர் என்று புதுப் பெயர்ப்பலகை வந்தது.

பலகை மாட்டிய வாரம், ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போனேன். இரண்டே அறை. மாமா கட்டிலில் உட்கார்ந்து பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். சமையலறையில் கேமராக்காரரின் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் குரலைத் தாழ்த்தி, ஐந்து படக் கணக்கிலிருந்து கேமராக்காரர் என்னிடம் ஒப்புக்கொண்டது வரை எல்லாவற்றையும் சொன்னேன். மாமா ஸ்குரூவை எண்ணி மூடியில் போட்டார்.

"தெரியும்மா. மாத்தி வச்ச அன்னிக்கே என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். இங்க பாருங்க மாமா, இனிமே எல்லாரும் உங்களை மாதிரிதான் நடப்பாங்கன்னான். ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம்."

"அப்போ அன்னிக்கு நீங்களே சொல்லியிருக்கலாமே மாமா?"

"நான் சொன்னா தப்பிக்கறதுக்குச் சொல்றேன்னு ஆகும். அவன் சொன்னாத்தான் எடுபடும். சொல்லுவான்னு அவன் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தேன்."

தண்ணீர்ச் சத்தம் நின்று வெகுநேரமாகியிருந்தது. திரும்பினால் அக்கா ஈரக் கையோடு கதவருகே நின்றிருந்தார்.

"நேத்து மத்தியானம் வந்தான்," என்றார், யாரையும் பார்க்காமல். "மாமா மேல தப்பு இல்லன்னு எனக்குத் தெரியும்கா, நான் சொன்னா யாரு நம்பறாங்கன்னு என் கையைப் பிடிச்சுட்டு அழுதான். நான்தான் தேத்தி, சோறு போட்டு அனுப்பினேன்."