சொந்தமா, வாடகையா?

சொத்து வரிக்கு வீடு அளக்கப் போகும் என்னைப் போன்றவனுக்கு டேப் பிடிப்பது சுலபம். பதில் பிடிப்பதுதான் கஷ்டம். வாடகை வீட்டில் காலம் தள்ளும் சக ஜீவன்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வீட்டுக்காரரோ, வாடகை தராத அவர் சொந்தக்காரரோ குடியிருந்தால் வரியில் சலுகை. வாடகைக்கு விட்டால் கிடையாது. படிவத்தில் இரண்டே கட்டம்: சொந்தம், வாடகை.

பலகை

ராயபுரத்தில் மைக்கேல் அண்ணன் வீடு. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீழே அவர் குடும்பம். மாடிக் கொடியில் வேறு யாருடைய துணியோ காய்ந்தது.

"மேல யாருண்ணே?"

"சொந்தம்தான் தம்பி. என் சம்சாரத்தோட சித்தி மவ."

அவர் தலைக்கு மேலேயே 'மாடி வாடகைக்கு விடப்படும்' என்ற பழைய பலகை தொங்கியது. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். "சொந்தக்காரங்க படிச்சிட்டு வரட்டும்னுதான் தம்பி மாட்னேன்."

ஒரே சித்தி

மாடியில் அமுதா அக்கா. ஐஸ் கம்பெனியில் வேலை. கதவிடுக்கில் மெதுவாகச் சொன்னார்: "நீ வாடகைன்னு எழுதினா, ஏர்ற வரிய என் தலைலதான் ஏத்துவேன்னு ஓனரு சொல்லிக்கீறாரு. அப்பால தொலைவா எர்ணாவூரு பக்கம்தான் வூடு தேடணும். புள்ளைக்கு இஸ்கூலு இங்க கீது."

அதற்குள் அண்ணன் மூச்சு வாங்க ஏறி வந்துவிட்டார். என்ன கேட்பதென்று தெரியாமல், "சித்தி பேரு?" என்றேன்.

"ரோசி" என்றார் அவர். "லட்சுமி" என்றார் அக்கா, அதே நொடியில்.

தெருவில் போன கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தது. அண்ணன்தான் சமாளித்தார்: "ஞானஸ்நானத்துக்கு முன்னாடி லட்சுமி, அப்பால ரோசி."

கையெழுத்து

சொந்தம் என்றால் உறுதிமொழித் தாள் ஒன்று வேண்டும்: 'இவர் என் உறவினர். இவரிடம் வாடகை வாங்குவதில்லை.' அண்ணன் ஆனந்தமாகக் கையெழுத்துப் போட்டார். அக்கா அதை இரண்டு முறை படித்தார். பிறகு போனில் படம் எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வரி நோட்டீஸ் கொடுக்கப் போனேன். அண்ணன் வாடகை கேட்டு மாடிப்படியில் நின்றிருந்தார். அதுவரை 'ஓனர்' என்றே கூப்பிட்டுவந்த அக்கா, போனை அவர் மூக்கருகே நீட்டினார்: "இன்னா மாமா, சொந்தத்துக்குள்ள வாடகையா?"

உறவு முறிந்தது

மறுநாள் ஆபீஸ் திறக்கும் முன்பே இருவரும் வந்து நின்றார்கள். அக்கா கையில் புது ஒப்பந்தம்: இரண்டு வருடத்துக்கு வாடகை ஏறாது. அண்ணன் 'வாடகை' கட்டத்தை அவரே தொட்டுக் காட்டினார். "பேஜாரா பூட்ச்சு தம்பி. சித்திக்கு மவளே இல்லன்னு எழுதிக்கோ."

வீடு இருப்பவருக்குச் சலுகை, இல்லாதவருக்குச் சுமை என்பது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை, ஆனால் என் வீட்டு ஓனர் நேற்றிலிருந்து என்னை "மருமவனே" என்று கூப்பிடுகிறார், நானும் போனைச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன்.