நாலு ஒன்பது

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்தின் மேனேஜருக்குத் தெரிந்த வேதியியல் மொத்தமும் ஒரே ஒரு கோடு. மருந்துக்குப் போகும் இலைகளில் சத்து எத்தனை சதவீதம் என்று குரோமட்டோகிராபி இயந்திரத்தில் பார்த்துச் சொல்வது எங்கள் பிழைப்பு. அதற்கு முதலில், அளவு தெரிந்த ஸ்டாண்டர்டு கரைசலை ஐந்து அடர்த்திகளில் செலுத்தி, எந்த அளவுக்கு வரைபடத்தில் எவ்வளவு பெரிய முகடு எழும் என்று மென்பொருளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஐந்து புள்ளிகளும் நேர்கோட்டில் நின்றால் திரையில் 0.9999 வரும். அதை அவர் "நாலு ஒம்பது" என்பார், ஏதோ பரிசுச் சீட்டு விழுந்த மாதிரி. ஒன்றை அச்செடுத்து, சட்டம் போட்டு, வருகிறவர்கள் உட்காரும் சோபாவுக்கு எதிரே மாட்டியும் வைத்திருந்தார்.

அந்தச் சித்திரையில் அளவு திருத்தும் நாள் வந்தபோது புதிதாக ஸ்டாண்டர்டு எடை போட அவர் விடவில்லை. போன வாரம் கரைத்த பாட்டிலில் இருந்தே ஐந்தையும் கலக்கச் சொன்னார். அந்தப் பாட்டிலின் மூடி சரியாகப் பிடிக்காது. ஏசி வேறு இரண்டு நாளாக ஓடவில்லை. அந்த வெக்கையில் கரைக்க ஊற்றிய மெத்தனால் சும்மா இருக்குமா? பறந்தது போக, மிச்சக் கரைசல் கெட்டியாகியிருந்தது.

"சார், புதுசா போட்டுரலாம்" என்றேன்.

"கோடு நேரா நிக்குல்லா? பெறவு என்னம்மா?"

ஐந்தும் ஒரே பாட்டிலில் இருந்து வந்தால் பொய்யும் நேராகத்தான் நிற்கும். பிளஸ் டூ பிள்ளைக்குப் புரிகிற விஷயம். மென்பொருளைக் குறை சொல்ல மாட்டேன், சொன்னதை நம்புவதுதான் அதன் வேலை. மனிதனுக்கு என்ன வந்தது? ஸ்டாண்டர்டு கெட்டியானதால், அதோடு ஒப்பிட்ட இலையெல்லாம் சத்தில்லாத இலையாகத் தெரிந்தது.

சாத்தான்குளம் பக்கத்து விவசாயி ஒருவரின் அவுரி இலை அன்றைக்குத்தான் மாட்டியது. முதல் பறிப்பு. சத்து போதாது என்று அறிக்கை கொடுத்தோம். அடியில் என் கையெழுத்து. விவசாயி நேரில் வந்துவிட்டார்.

"இது எப்படித் தாயி கொறையும்? இத வச்சு எல வாங்குத கம்பெனிக்காரவ அடுத்த பறிப்ப வேண்டாம்னுட்டாவன்னா, நிக்குத பயிர உழுதுட்டு வேற போடணும்."

மேனேஜர் சுவரைக் காட்டினார். "கோட்டப் பாத்தீரா அண்ணாச்சி? மிஷினு பொய் சொல்லுமா வே?"

அவர் கோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வேலை இருப்பது போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் மடையன் என்று சாப்பாட்டு நேரத்தில் தினமும் சொல்கிறவள் நான். மேனேஜரை விட அன்றைக்கு என்னைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

நான்கு நாள் கழித்து, மேனேஜர் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தபோது, புதிதாக எடை போட்டுக் கரைத்தேன். மீதமிருந்த இலையைத் திரும்பச் செலுத்தினேன். தாராளமாகத் தேறியது. போனில் சொன்னதற்கு, "போன அறிக்கை போனதுதான், தோண்டாத" என்றார் மேனேஜர். பின்னால் மேளம் கேட்டது.

விவசாயிக்கு நானே போன் போட்டேன். இலை நல்ல இலைதான், தப்பு எங்கள் பேரில்தான் என்றேன்.

"எல நல்லதுன்னு எனக்குத் தெரியும் தாயி" என்றார். குரலில் கோபமே இல்லை. "ஒங்கள நம்பித்தான் நேத்து உழுதேன்."