காற்று ஏற்றிப் போன லாரி

என் அம்மா பாப்பாயி பயந்த சுபாவம். பல்லிக்குப் பயம், போலீசுக்குப் பயம், மைசூருக்கு வந்து பதினோரு வருஷம் ஆன பிறகும் ரோட்டைக் கடக்கப் பயம். ஆனால் 1995இல் அவளைப் பிடித்தது வேறு பயம். அந்த வருஷம் அவள் பயந்தது லாரிச் சத்தத்துக்கு.

ராமாபுரத்தில் மழை பொய்த்த ஒரு வருஷம், கட்டட வேலை தேடி அப்பா எங்களை மைசூருக்குக் கூட்டி வந்தார். சாரம் சரிந்து அவர் போன பிறகு, மேட்டகள்ளியில் ஓர் அட்டைப்பெட்டிப் பட்டறையில் அம்மா சேர்ந்தாள். ஷூ வைக்கிற பெட்டி. அட்டையை மெஷினில் வெட்டி மடிப்புக்கோடு போடுவது ஆண்கள். பசை தடவி நாலு மூலையும் ஒட்டுவது பன்னிரண்டு பெண்கள். ஷூ கம்பெனி அடுத்த தெருவில் இருந்தது. பட்டறை அங்கே முளைத்ததே அதனால்தான்.

அந்த ஆடியில் ஷூ கம்பெனி ஆம்பூர்ப் பக்கம் போய்விட்டது. தோல் அங்கேதான் கிடைக்கிறது, மெட்ராஸ் துறைமுகமும் கிட்டம். அதன் பிறகு எங்கள் பெட்டிகள் லாரியில் போயின. வண்டி நிறைய ஏற்றினாலும் எடையே இராது. காற்றைத்தான் முந்நூறு கிலோமீட்டர் சுமந்து போனது. காற்றுக்கு எத்தனை நாள் வாடகை கொடுப்பது? பட்டறையையே பெயர்த்து ஆம்பூருக்குக் கொண்டுபோகப் போவதாக முதலாளி விஜய்குமார் சொல்லிவிட்டார்.

அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. நான் பத்தாம் வகுப்பு, கன்னட மீடியம். தமிழ் பேசுவேனே தவிர ஓர் எழுத்துப் படிக்கத் தெரியாது. ஆம்பூரில் என்னை எந்தப் பள்ளியில் சேர்ப்பாள்? போகாவிட்டால் எதைச் சாப்பிடுவோம்? பட்டறை வாசலில் லாரி நின்றால், மெஷினை ஏற்றத்தான் வந்துவிட்டதோ என்று பசைக் கையோடு எழுந்து போய்ப் பார்ப்பாளாம்.

ஒரு நாள் எங்கள் கூரை ஒழுகி, நான் புத்தகம் வைத்திருந்த ஷூ பெட்டி நனைந்தது. பசை விட்டு நாலு பக்கமும் விரிந்து, தரையோடு தரையாகக் கிடந்தது. அம்மா அதையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள், முதலாளியை நிமிர்ந்துகூடப் பார்த்திராத அவள், ஒட்டாத அட்டைகளில் நூறை அவர் மேஜையில் அடுக்கி, பக்கத்தில் ஒட்டிய பெட்டி ஒன்றை வைத்தாள். இரண்டும் ஒரே உயரம். ஒட்டாமல் அனுப்பினால் ஒரே லாரியில் எத்தனை போகும் என்று கேட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாள்.

பட்டறை மைசூரிலேயே இருக்கும் என்று முதலாளி சொன்ன அன்று அம்மா கேசரி கிண்டினாள். பக்கத்து வீட்டுப் பூவாத்தாள் பெரியம்மாவுக்கும் ஒரு கிண்ணம் போயிற்று. எங்கள் ராமாபுரத்துக்குப் பக்கத்து ஹனூர்க்காரி, அம்மாவோடு பெட்டி ஒட்டுகிறவள். யோசனை தன்னுடையது என்று அவளிடம் சொல்ல அம்மாவுக்கு வெட்கம்.

பத்து நாளில் விஷயம் புரிந்தது. வெட்டுகிற மெஷின் இங்கேதான். ஒட்டாமல் போகிற அட்டையை எங்கே ஒட்டுவது? ஆம்பூரில். மாதக் கடைசியோடு பன்னிரண்டு பெண்களுக்கும் வேலை இல்லை. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். முதலாளி அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, நல்ல யோசனை சொன்னதற்காக அவளுக்கு மட்டும் ஆம்பூரில் வேலை தருவதாகவும், அடுத்த வாரமே போய்ச் சேர வேண்டும் என்றும் சொன்னார்.

பரீட்சை முடிகிறவரை என்னைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகப் பெரியம்மா தானாகவே சொன்னாள். அதே மூச்சில், அந்த யோசனையைச் சொன்னவன் நாக்கு அழுகிப் போகட்டும் என்று மண்ணை வாரித் தூற்றினாள். அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் என்னிடம் ஒரே பேச்சுதான்.

"பெரியம்மாகிட்ட வாயத் தொறந்துறாத கண்ணு. தெரிஞ்சா உன்னைய யாரு பாப்பா?"

அம்மா புறப்பட்ட அன்று பெரியம்மா புளிச்சோறு கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். அம்மா ஜன்னல் வழியாகப் பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்தாள். சோறு இன்னும் சூடாக இருந்திருக்க வேண்டும். அதைத் தொட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. கண்டக்டர் விசில் கொடுத்தார்.

"அக்கா, அந்த ரோசனையச் சொன்னது நாந்தானுங்க. இங்கயே இருந்துக்கலாமுன்னு நெனச்சுச் சொல்லிப்போட்டனுங்க. புள்ளைய மட்டும் ஒண்ணும் பண்ணிப்போடாதீங்க."

பஸ் நகர்ந்துவிட்டது. பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பிடி இறுகி வலித்தது. உதறிவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயத்தில் நான் மூச்சுக்கூட விடவில்லை. அவள் கையை விடாமலே டவுன் பஸ்ஸில் ஏற்றி, வீட்டுக்குக் கூட்டி வந்து, தட்டு வைத்துச் சோறு போட்டாள்.

நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, பரீட்சை முடிகிறவரை ஒரு நாள் தவறாமல் போட்டாள். என் அம்மாவின் பேரை மட்டும் அவள் பிறகு சொல்லவே இல்லை.