மருந்து ஊடு

எங்கள் ஊர்க்கோடியில் இருக்கும் கல்கட்டடத்தில் இன்று ரேஷன் அரிசி போடுகிறார்கள். அதற்கு முன் கொஞ்ச காலம் பால்வாடி. எனக்கு ஏழு வயதானபோது அது ஆஸ்பத்திரி. அதற்கும் முன்னால், அலுமினியத்துக்காக மலையில் கல் வெட்டிய கம்பெனிக்காரர்கள் வெடிமருந்து வைக்கக் கட்டியது. கனத்த கல்சுவர், இரும்புக் கதவு, சன்னல் கிடையாது. வெடிமருந்து இருந்த வீடு என்பதால் ‘மருந்து ஊடு’ என்பார்கள். கம்பெனி போன பிறகு மழைக்கு வெள்ளாடுகள் ஒதுங்கின. பிறகு சர்க்கார் ஆட்கள் சுவரைக் குடைந்து சன்னல் வைத்து, வெள்ளையடித்து, ஒரு நர்சம்மாவையும் கொண்டுவந்து விட்டார்கள். பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. மாற்றத் தேவையும் இருக்கவில்லை; இதுவும் மருந்துதானே.

மருந்து மாறிப்போன விவரம் எனக்குத்தான் தெரியாது. “மருந்து ஊட்டுக்கிட்ட நெருப்புக் கொண்டு போனா மலையே பேந்துரும் சாமி” என்று அம்மாவின் அப்பா, என் அப்புச்சி, எப்போதோ சொன்னது அப்படியே மனதில் இருந்தது.

ஐப்பசி மழையில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. கைக்குழந்தை. பால் குடிக்கவில்லை, அழக்கூட இல்லை. அம்மா அவனைக் கம்பளியில் சுற்றிக்கொண்டாள். அப்புச்சி தலைக்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நானும் ஓடினேன்.

நர்சம்மா கீழ்நாட்டுக்காரர், மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்தவர். தம்பியைத் தொட்டதும் முகம் மாறியது. “இப்பவே ஊசி போடோணுங்க” என்று, ஊசியைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு, ஸ்டவ்வைப் பற்ற வைத்தார்.

நீல நெருப்பைப் பார்த்ததும் அப்புச்சி சொன்னது நினைவுக்கு வந்தது. மூலையில் இருந்த குடத்தை இரண்டு கையாலும் தூக்கி அப்படியே கவிழ்த்தேன். ஸ்டவ் அணைந்தது. நர்சம்மாவின் வெள்ளைச் சேலை முழுக்க நனைந்துவிட்டது.

“ஏனுங்க பெரியவரே, இந்தப் புள்ளைக்கு என்னாச்சுங்க?”

“மருந்து ஊடுங்க! வெடிச்சிருமுங்க! தம்பி செத்துப்போயிருவானுங்க!” என்று கத்தினேன்.

நர்சம்மா கோபிக்கவில்லை. ஒரு பாட்டிலைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார். “மோந்து பாரு கண்ணு. இது காய்ச்சல் மருந்து. வெடிக்காது.” மறுபடி ஸ்டவ்வைத் துடைத்துப் பற்ற வைத்தார். ஊசி இறங்கியதும் தம்பி வீறிட்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்டுத்தான் எல்லோருக்கும் மூச்சு வந்தது. மறுநாள் பால் குடித்தான்.

அன்று வீடு திரும்பும்போது அப்புச்சி என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் என் வீரத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் எலும்பு நோக என்னைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். குடத்தைக் கவிழ்த்ததற்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனியில் வேட்டு வைக்கும் வேலை பார்த்து, பாறையோடு சிதறிப்போன ஒரு மாமன் எனக்கு இருந்தார் என்பது பெரியவளான பிறகே தெரிந்தது. அம்மாவுக்கு அவர் அண்ணன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்த அப்புச்சிக்கு, ஒரே மகன்.