தேர் வடமும் இரண்டு குளிசையும்

காலை ஏழு பத்து. வெள்ளவத்தைக் கோயில் வாசலில் முதலில் நான் கவனித்தது என் விரல்களைத்தான். தேர் வடத்தைப் பற்றியிருந்தன, ஆனால் பிடி இறுகவில்லை. போன வருடம் களைத்துப் பாதியில் விட்டவன் நான். இம்முறை வீதி முழுவதும் இழுக்க வேண்டும். மாற்றி மாற்றிப் பிடித்தேன். தோள் வரை பலமில்லை. கண் இருட்டியது.

அருகில் இழுத்துக்கொண்டிருந்த மனைவியின் தம்பி திரும்பினான்.

"அத்தான், பிரஷர் குளிசை போட்டனீங்களோ?"

"ஓம், ரெண்டு. நேற்றுப் போட மறந்திட்டன், அதையும் சேர்த்து."

"விரதத்தில, வெறும் வயித்திலயோ? பிரஷர் இறங்கினா கையில எங்க பலம்? வடம்தான் உங்களை இழுக்குது!"

என்னை நடைபாதையில் இருத்தி, தேசிக்காய் பிழிந்து உப்பிட்ட தண்ணீர் கொண்டுவந்தான். விரதம் முறியுமே என்று தயங்கினேன், பிறகு குடித்தேன். எழ முயன்றேன், முழங்கால் மடிந்தது.

தேர் காலி வீதி என்ற பெருந்தெருவுக்குத் திரும்பியபோது, என் இடத்தில் வேறொருவர் வடம் பிடித்திருந்தார்.